‘இங்கதான் இருந்துச்சு’: ஒரு தொடரின் இலக்கணமும் உரைமரபும்

சென்னையை விட்டுப் போய் இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்துத் திரும்புகிறவர், சென்ட்ரலில் இறங்கிய அரைமணிக்குள் உதிர்க்கும் தொடர் ‘இங்கதான் இருந்துச்சு’. இதைப் பற்றி இதுவரை ஆய்வேதும் நிகழவில்லை. இப்படி எழுதுவது மரபு. தேடிப் பார்த்தீரா என்று கேட்பது மரபன்று.

இத்தொடரின் எழுவாய், தோன்றா எழுவாய். கட்டடமும் அவ்வாறே.

இருந்தவை பல வகைப்படும். தீப்பிடித்துப் போனவை: மூர் மார்க்கெட், 1985. பழைய புத்தகம் வாங்கியவர்களுக்கு இன்னும் துக்கம் ஆறாததால் ஆய்வுக்கு உட்படுத்தப்படவில்லை. பெயர் மாறியது: 1996இல் ஊரே. இடம் பெயர்ந்தது: வெளியூர் பஸ் நிலையம். பாரிமுனையிலிருந்து 2002இல் கோயம்பேடு போய், 2023 கடைசியில் கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. இதற்கு விரல் நீட்டிக்கொண்டு நிற்பவர் பஸ்ஸைத் தவறவிடுவார்.

இனி ‘தான்’. இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே. உரைகாரர் மூவர், பெயர் எவருக்கும் தெரியாது.

முதல் உரை 29சி பஸ்ஸில் சன்னலோர இருக்கையில் நிகழ்த்தப்பட்டது. ‘தான்’ தேற்றப் பொருளில் வந்தது என்பது அவர் துணிபு. இரண்டாமவர் பின் இருக்கை. இதைச் சொல்லும்போதே சொல்பவரின் விரல் மெல்ல நகர்வதால் இது ஐயப் பொருளே என்று மறுக்கிறார். அவர் பக்கம் நியாயம் உண்டு. சோதிப்பதற்காகக் கதீட்ரல் சாலையில் நானே நின்று நீட்டினேன். 1962 முதல் 2008 வரை அங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். காருக்குள் உட்கார்ந்திருந்தால் தட்டைச் சன்னலில் மாட்டிவிட்டுப் போவார்கள். எனக்குக் கார் கிடையாது. நடந்து போய்க் காபி குடித்தவன். 2010 முதல் அவ்விடத்தில் செம்மொழிப் பூங்கா. என் விரல் பூங்காவின் வாசலில் தொடங்கி, டிக்கெட் கவுண்டரைத் தொட்டு, ஒரு மரத்தில் தயங்கி, எதிர்ச்சாரிக்குப் போய்விட்டது. நான் குடித்தது எந்த மேசை என்பதற்கு இனி அகழாய்வுதான் வழி.

மூன்றாம் உரை சலவைக்கடை ரசீதின் பின்புறம் கிடைத்தது. பாதி செல்லரித்தது. முக்கியமான கருத்து செல்லரித்த பகுதியில்தான் இருந்தது என்கிறார் பதிப்பித்தவர். அந்த ஓட்டையை வைத்தே முனைவர் பட்டமும் வாங்கிவிட்டார். எஞ்சிய பகுதியில் தெளிவாகப் படிக்க முடிவது, ‘தான் என்பது அசைநிலை. சட்டை 2, வேட்டி 1’. வேட்டி இடைச்செருகல் என்பாரும் உளர்.

இக்கட்டுரை பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு அனுப்பப்பட்டுள்ளது. கட்டணம் கட்டியாயிற்று. ஐஎஸ்பிஎன் எண்ணோடு தொகுப்பு, சான்றிதழ், மதியச் சாப்பாடு. வாசிக்க மூன்று நிமிடம். கேட்போர், அடுத்து வாசிக்கக் காத்திருப்போர்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஊரிலேயே இருப்பவர்கள் இத்தொடரைச் சொல்வதாகத் தெரியவில்லை. ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ காலமாகியும், 1973இல் வந்த பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயரிட்டும், அவர்களுக்கு அது ஜெமினிதான். கள ஆய்வாகப் பூங்கா வாசலில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

“கோடம்பாக்கம் போகணும்பா.”

“ஜெமினி வழியா போயிரலாம் சார். லிபர்ட்டில எறங்கிக்கிறீங்களா?”

மகிழ்ச்சியில் விரல் தானாக நீண்டது. “லிபர்ட்டியில படம் பாத்திருக்கியா?”

“அங்க ஏது சார் தியேட்டரு? அது ஸ்டாப்பிங்கு.”

விரலை மடக்கிக்கொண்டேன். ஆட்டோவுக்கு 250 ரூபாய் ஆயிற்று. ரசீது கிடையாது. ஆய்வு நிதி வழங்குவோர் தயவுசெய்து கவனிக்கவும்.