ஓடிபி சார்

ஊரப்பாக்கத்துக்கு வடக்கே வண்டலூரில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் கூண்டுகளுக்கு முன்னால், உள்ளிருக்கும் விலங்கின் பெயர், உணவு, வாழிடம் ஆகியவற்றைச் சொல்லும் பலகைகள் நடப்பட்டிருக்கின்றன, ஆனால் ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறத் தெருக்களிலும் கூண்டின்றி உலவும் ஓர் இனத்துக்கு இன்னும் பலகை எழுதப்படவில்லை. அந்த இனத்தைச் சேர்ந்தவரைத் தெருக்காரர்கள் முதலில் எல்.ஐ.சி. சார் என்றார்கள், பிறகு ஃபண்டு சார் என்றார்கள், இப்போது ஓடிபி சார் என்கிறார்கள். ஆள் ஒருவரே, மாறியது கையில் இருக்கும் பொருள்தான். ரெக்சின் பை போய் முதுகில் மாட்டும் பை வந்தது, கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் போய்த் திறன்பேசி வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "தண்ணி மட்டும் போதும்மா" என்று சொல்லிக் காபிக்கு அடிபோடும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இவருடைய வாழிடத்தை அறியாமல் இவரை அறிய இயலாது. ஊரப்பாக்கத்தில் வீடு கட்டியிருக்கும் மூத்தவர்களில் பலர், தாம்பரத்தைத் தாண்டி மனை வாங்குகிறவரைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சிரித்த காலத்தில் தவணை கட்டி மனை வாங்கி, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மாடி எழுப்பியவர்கள். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானதும், 2023 டிசம்பர் 30 அன்று பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும், தங்கள் தொலைநோக்கை அரசாங்கமே வழிமொழிந்ததாக இவர்களுக்குத் தோன்றின. இன்றைய தேதியில் ஒரு சதுர அடி என்ன விலை போகிறது என்று இவர்களில் எவரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார், தம் பெயரில் எத்தனை வங்கிக் கணக்குகள் இருக்கின்றன என்று கேட்டால் மட்டும், "ரெண்டு... இல்ல, மூணு... இருங்க, உள்ள கேட்டுச் சொல்றேன்" என்பார். உள்ளே என்பது மனைவியைக் குறிக்கும். மனைவி என்பது பீரோவைக் குறிக்கும். பீரோ என்பது புடவைகளுக்கு அடியில் கிடக்கும் மஞ்சப்பையைக் குறிக்கும்.

மஞ்சப்பை என்பது யாருடைய கல்யாணத்திலோ தாம்பூலத்தோடு கிடைத்த துணிப்பை. மணமக்களின் பெயர் பாதி அழிந்திருக்கும். வைப்பு நிதி ரசீதுகள், அஞ்சலகப் பாஸ் புத்தகம், காப்பீட்டுப் பத்திரங்கள், சீட்டுக் கம்பெனியின் அட்டை, நகைக்கடன் ரசீது, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைத்த குடும்ப அட்டையின் ஜெராக்ஸ் நான்கு பிரதிகள் ஆகியவை அதனுள் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கும். பல வீட்டுப் பைகளில், 1990களில் கண் கூசும் வட்டியைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய ஏதேனும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் ரசீதும் இன்னும் இருக்கிறது. அது பணமாக மாறும் என்ற நம்பிக்கை எவருக்கும் இல்லை என்றாலும், கிழித்துப்போட மனம் வராது. அத்தகைய கம்பெனிகளிடம் ஏமாந்தவர்களுக்காகவே தமிழ்நாட்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997இல் கொண்டுவரப்பட்டது. புன்னகையோடு வீட்டுக்குள் வந்து "ஒண்ணும் பயமில்ல சார்" என்று தொடங்கும் எவரையும் ஊரப்பாக்கம் ஒரு கணம் மேலும் கீழும் பார்ப்பதற்குக் காரணம் அந்த ரசீதுதானே அன்றி, தொழில்நுட்பம் பற்றிய அச்சம் அன்று.

ஓடிபி சாருக்குத் தம் தொழிலின் பெயரைச் சொல்லிக்கொள்வதே ஒரு சங்கடம். பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி, 2013இல் முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று தனி விதிமுறைகளை வகுத்து, அவற்றின்படி பதிவு பெற்றுக் கட்டணம் வாங்குபவரை ஆலோசகர் என்றும், நிதி நிறுவனங்களிடம் கமிஷன் பெற்றுப் பரஸ்பர நிதித் திட்டங்களைக் கொண்டுசேர்ப்பவரை விநியோகஸ்தர் என்றும் பிரித்தது. 2020இல், விநியோகஸ்தராக இருப்பவர் சுதந்திர நிதி ஆலோசகர் என்றோ செல்வ ஆலோசகர் என்றோ போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் நூறு கேள்விகளுக்கு விடையளித்து, ஐம்பது மதிப்பெண் பெற்றுத் தேறிப் பதிவெண் வாங்கியவர், அட்டையில் எதைத்தான் அச்சிடுவது? விநியோகஸ்தர் என்று போட்டால் சினிமாப் படப்பெட்டி எடுத்தவர் என்றோ சிமெண்டு மூட்டை இறக்குபவர் என்றோ ஊர் நினைத்துக்கொள்ளும். எனவே பெயரைப் பெரிதாகவும் பதிவெண்ணைச் சிறிதாகவும் அச்சிட்டு, நடுவில் ஒரு தென்னைமரத்தின் படத்தையோ உயர்ந்துசெல்லும் அம்புக்குறியையோ போட்டு நிறுத்திக்கொள்கிறார்.

இவர் இப்போது வீடுவீடாக அறிமுகப்படுத்தும் கருவிக்கு ஆங்கில வழக்கில் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்று பெயர். கணக்குத் திரட்டி என்று தமிழில் சொல்லலாம். ஒருவருக்குப் பல வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் இருக்கும் கணக்குகளின் விவரங்களை, அவருடைய ஒப்புதலின் பேரில், அவர் காட்ட விரும்பும் இடத்துக்கு எடுத்துச்செல்வது மட்டுமே அதன் வேலை. இதற்கான நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பர் 2 அன்று வெளியிட்டது. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 2021இல் அதே தேதியில், ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. எதற்காக விவரம் கேட்கப்படுகிறது, எவ்வளவு காலத்துக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பவை அனைத்தும் ஒப்புதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எல்லாவற்றையும்விட வியப்பானது, சுமந்துசெல்லும் திரட்டிக்குத் தான் சுமப்பது என்னவென்று தெரியாது. விவரங்கள் பூட்டப்பட்ட நிலையிலேயே அதன் வழியாகக் கடந்துபோகின்றன. இதை விளக்க ஓடிபி சார் கையாளும் உவமை அவருடைய படைப்பாற்றலுக்குச் சான்று: "மாமி கட்டிக் குடுத்த டிபன் பாக்ஸ ஆபீசுக்குத் தூக்கிட்டு வர்றவன் மாதிரிம்மா. உள்ள புளியோதரையா தயிர்சாதமான்னு அவனுக்குத் தெரியாது." இதைக் கேட்கும் அம்மாளுக்கு உடனே எழும் ஐயம், "வாசனைல தெரிஞ்சுராதா?" என்பது. அந்தக் கேள்விக்கு ரிசர்வ் வங்கியின் நெறிமுறையில் பதில் இல்லை.

விவரத்தைப் பெறுபவர் ஏதேனும் ஒரு நிதி ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், சார் தாம் சார்ந்திருக்கும் நிறுவனத்தின் செயலியை வீட்டுக்காரரின் திறன்பேசியில் இறக்கிக்கொடுத்து, அதன் வழியாகவே ஒப்புதல் கேட்கிறார். இந்தச் சடங்குக்கு நல்ல நேரம் மாலை நான்கரை; மதியத் தூக்கம் கலைந்து, தொடர்கள் இன்னும் தொடங்காத இடைவெளி. முதல் பத்து நிமிடம் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதில் போகும்; அடுத்த பத்து நிமிடம், இடமில்லை என்று அடம்பிடிக்கும் திறன்பேசியிலிருந்து காலை வணக்கப் படங்களை, ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அழிப்பதில் போகும். பிறகு ஓடிபி கேட்கப்படும். ஓடிபி என்பது ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் கடவுஎண். வங்கியில் பதிவான கைபேசி எண்ணுக்கு மட்டுமே வரும். அந்த எண்ணோ, சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் மகளுடையதாக இருக்கும். அல்லது பூஜையறை மாடத்தில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும் பழைய பட்டன் போனில் இருக்கும்.

பட்டன் போன் உயிர்பெற்று, எண்ணும் வந்துவிட்டது என்று கொள்வோம். அப்போதுதான் சிக்கலின் உச்சம்.

"சார், வந்திருச்சு. ஆறு நம்பர். ஆனா அதுக்குக் கீழயே யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கானே?"

"கரெக்ட் சார். எனக்குச் சொல்லாதீங்க."

"அப்புறம் யாருக்குச் சொல்றது?"

"யாருக்கும் வேணாம். நீங்களே போடுங்க."

"நான் போட்டா தப்பா ஆயிட்டா?"

வங்கியும் ரிசர்வ் வங்கியும் காவல்துறையும் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிப் பதியவைத்த ஒரே பாடம், ஓடிபியை எவரிடமும் சொல்லக் கூடாது என்பது. அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்த ஒருவரை ஓடிபியைப் பயன்படுத்தவைப்பதே ஓடிபி சாரின் அன்றாடத் தொண்டு. இந்த இனத்தில் அசலையும் போலியையும் பிரித்தறியும் அடையாளமும் இங்கேதான் வெளிப்படுகிறது. எண் வந்தவுடன் போலியானவரின் கை திறன்பேசியை நோக்கி நீளும். அசலானவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய ராகுகாலத்தை மிகுந்த கவனத்தோடு படிக்கத் தொடங்குவார். ஒரு மாதத்தில் இருபது வீடுகளுக்குப் போகிறவருக்கு வாரத்தின் ஏழு ராகுகாலங்களும் மனப்பாடமாகிவிடும் என்பது இத்தொழிலின் உபரி வருமானம்.

கடைசியில் திரை திறந்து, எல்லாக் கணக்கும் ஒரே பட்டியலாக இறங்கும். ஊரப்பாக்கத்து இல்லறத்தில் உண்மையான பதற்றம் தொடங்குவது அப்போதுதான். நாற்பது ஆண்டுகளாக அந்த வீடு அமைதியாக நடந்ததற்கு, எவருக்கும் முழுக்கணக்கு தெரியாது என்பதும் ஒரு காரணம். தம்பியின் தொழிலுக்காக அவர் எடுத்துக்கொடுத்த தொகை, பேத்தியின் பெயரைச் சொல்லி அம்மாள் தனியே கட்டிவரும் தவணை, பழைய நண்பரின் முகத்துக்காக எடுத்து இரண்டே ஆண்டில் நிறுத்திய பாலிசி ஆகிய அனைத்தும் அவரவர் பாஸ் புத்தகத்தில் அவரவர் மரியாதையோடு ஒதுங்கியிருந்தன. இப்போது திரையை இருவரும் சேர்ந்து குனிந்து பார்க்கிறார்கள். "இது என்ன, கூடுவாஞ்சேரி பிராஞ்ச்ல ஒண்ணு?" என்று அம்மாள் கேட்கும்போது, சார் காபி தம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் நெடுநேரம் குடிப்பார். இத்தனைக்கும் பிறகு அந்த வீட்டில் அவருக்கு மறுபடி காபி கிடைத்தால், அவர் தொழிலில் தேர்ந்தவர் என்று கொள்ளலாம்.

ஆயினும் திரை காட்டியது முழுமை அன்று. திரட்டி கணக்குகளைத் தேடுவது கைபேசி எண்ணை வைத்து என்பதால், திண்டிவனத்தில் வேலை பார்த்த நாளில் தொடங்கி, எண் எதுவும் இணைக்காமலே விட்டுவந்த சம்பளக் கணக்கு அதன் கண்ணில் படாது. பத்து ஆண்டு எவரும் தொடாத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடுகின்றன. அப்படிப் போனவற்றைப் பெயரைக் கொண்டு தேட, 2023 ஆகஸ்டில் உத்கம் என்னும் தளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. பெயரைக் கொண்டு தேடுவது தமிழர்களுக்குத் தனி விளையாட்டு. இனிஷியல் முன்னால் ஒரு வங்கியில், பின்னால் ஒரு வங்கியில், அப்பா பெயரே விரிந்து தம் பெயராகிவிட்ட கோலத்தில் ஒரு வங்கியில் என்று, ஒரே மனிதர் மூன்று பேராக வாழ்ந்திருப்பார். மனையும் நகையும் சீட்டும் கைமாற்றும் எந்தத் திரட்டியிலும் ஏறுவதில்லை. ஊரப்பாக்கத்துச் செல்வத்தில் மனையையும் நகையையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது செலவுக்கான பணம் மட்டுமே என்பது சாருக்கும் தெரியும்; அதனால்தான் திரையைக் காட்டி முடித்தபின், குரலைத் தாழ்த்தி, "அந்தப் பையையும் ஒரு தடவ பாத்துருவமா?" என்கிறார்.

சாருக்கு இதில் ஆதாயம் இல்லை என்று சொல்வது அவரையே சிரிக்கவைக்கும். எந்த வங்கியில் எந்த வைப்புத்தொகை எப்போது முதிர்கிறது என்பது ஒப்புதல் உள்ளவரை அவருடைய நிறுவனத்துக்கும் தெரியும். முதிர்வுக்கு மூன்று நாள் முன்னதாக, வழியாகப் போனவர் போல, அவர் பழநிப் பஞ்சாமிர்தத்தோடு வந்து நிற்பது தற்செயல் அன்று. ஆனால் அதே மனிதர், நாமினி போடாத கணக்கைத் திரையில் கண்டுவிட்டால் விடமாட்டார். வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்று 2025 நவம்பர் 1 முதல் வந்திருக்கும் மாற்றத்தைச் சொல்லி, வங்கிக்குத் தம் வண்டியிலேயே அழைத்துப்போய்ப் படிவம் நிரப்பிக்கொடுப்பார். அதற்குக் கமிஷன் கிடையாது. இரு மகன்களில் எவர் பெயரை முதலில் எழுதுவது என்ற வழக்கில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து மட்டும் உண்டு.

அவர் விடைபெற்றுச் சென்றபின் அந்த வீட்டில் நடப்பது ஒன்று. அம்மாள் திறன்பேசியைக் கணவர் கையில் கொடுத்து, மேலிருந்து கீழாக வாசிக்கச் சொல்லி, வங்கிக் கிளை, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், இருப்பு ஆகியவற்றைக் கட்டம் போட்ட நோட்டில் நீல மையால் எழுதிக்கொள்கிறார். பிறகு நோட்டு மஞ்சப்பைக்குள் போகிறது, பை புடவைக்கு அடியில் போகிறது, செயலி மறந்துபோகிறது. மூன்று மாதம் கழித்து வரும் சார், செயலியைத் திறந்து, கடவுச்சொல் தவறு என்று அது சொல்வதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அந்த நோட்ட எடுத்துட்டு வாங்கம்மா" என்கிறார்.