தோ, வந்துகிட்டே இருக்கேன்!

சுங்கைப்பட்டாணியில், ஜாலான் இப்ராகிமில், ஒரு மணிக்கூண்டு உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக லிம் லியன் தெங் என்ற சீனத் தொழிலதிபர் 1936இல் கட்டிக்கொடுத்தது. ஊரில் யாரையாவது சந்திப்பதென்றால் அங்கே நிற்கச் சொல்வது வசதி. நம் அண்ணனும் அங்கேதான் நிற்கச் சொல்வார். நிற்பது நாம், வருவதாகச் சொல்வது அவர்.

அண்ணனுக்குப் பெயர் வேண்டாம். பீடோங், குரூண், லூனாஸ், பாடாங் செராய் என்று எந்தத் தாமானிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து, இப்போது பினாங்கின் பிறையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கோயில் கமிட்டியில் துணைச் செயலாளர். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயலவை உறுப்பினர். எவர் வீட்டுக் கல்யாணமானாலும் வரவேற்புக்குழுவில் அவர் பெயர் இருக்கும். பெயர் மட்டும். போன் போட்டால், "தோ, வந்துகிட்டே இருக்கேன்லா, டோலைத் தாண்டிட்டேன்" என்பார். பின்னால் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். எந்த டோலில் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

அண்ணன் ஏன் எப்போதும் அரை மணி பிந்துகிறார் என்பதற்கு ஒட்டுக்கடையில் தே தாரே குடிக்கும் பெரியவர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு, தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் நள்ளிரவுக்குத் தாவின. சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக வேண்டும் என்று அரை மணியை முன்னே தள்ளினார்கள். நம் அலோர் ஸ்டார்காரர் டாக்டர் மகாதீர் பிரதமராகி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாடே அந்த அரை மணியை ஒப்புக்கொண்டது. அண்ணன் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது கடையின் தீர்ப்பு. "அப்படின்னா சில நாள் ஒன்றரை மணி பிந்துறாரே?" என்று ஒருவர் கேட்டார். "ஜப்பான்காரன் இங்க ஆண்டப்ப டோக்கியோ நேரத்த வச்சு ஒன்றரை மணிதானய்யா தள்ளுனான்? அது பரம்பரைக் கணக்கு" என்று பதில் வந்தது.

உண்மையான வம்பு கடிகாரத்தில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. நம் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கில் சனியும் ஞாயிறும். ஜொகூர்கூட 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. கெடாவும் கிளந்தானும் திரெங்கானுவும் அசையவில்லை. அண்ணி கெடா அரசாங்க அலுவலகத்தில், பிள்ளைகள் கெடா பள்ளியில், அண்ணன் பினாங்கு தொழிற்சாலையில். வெள்ளிக்கிழமை வீடே போர்வைக்குள் கிடக்கும்போது அண்ணன் சுங்கை டுவா டோல் நெரிசலில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆளில்லாமல் அண்ணன் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால், "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கீங்க தலைவரே" என்று கோயில்காரர்கள் கோத்தோங் ரோயோங்குக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மிஞ்சுவது சனிக்கிழமை. இந்தக் குடும்பம் வாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்க்கும் ஒரே நாள். பாவம், இந்தியர் சமுதாயம் முழுவதற்கும் அதே நாள்தான் கிடைத்திருக்கிறது. காதுகுத்து சனிக்கிழமை, கருமாதி சனிக்கிழமை, கல்யாணம் சனிக்கிழமை, பள்ளி ஆண்டுக்கூட்டம் சனிக்கிழமை, காடிக்கு டயர் மாற்றுவதும் சனிக்கிழமை. எல்லாவற்றுக்கும் அண்ணன் தலையாட்டியிருப்பார். கல்யாண வீட்டில் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு முன்னே கிளம்பிவிடுவார். அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கே பந்தி முடிந்திருக்கும். மூன்று விருந்துக்குப் போய்விட்டுப் பட்டினியாக வீடு திரும்பும் கலை இவரைப் போன்றவர்களுக்கே வாய்க்கும்.

நேரத்தைத் திட்டமிடத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியே அனுப்பி வைத்து, நேர நிர்வாகப் பயிற்சிக்குப் போய் வந்தவர். போனில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம், ஒரு மணியோசை. காலையில் பட்டியல் எழுதுவார். பட்டியலில் ஏதாவது முடிந்தால்தான் உற்சாகம் வரும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். அதனால், "பசியாறணும்" என்று பசியாறிய பிறகு எழுதி, உடனே டிக் போடுவார். இரத்த அழுத்தம் ஏறிப்போய், டாக்டர் "கொஞ்சம் டென்ஷனைக் குறைங்க" என்றதும், அதையும் சிவப்பு நிறத்தில் குறித்துக்கொண்டார்: டென்ஷன் குறைத்தல், சனி, மாலை 5.30 முதல் 6 வரை. அந்தச் சனிக்கிழமை 5.30க்குக் கமிட்டியில் அவசரக் கூட்டம் வந்துவிட்டது.

சிக்கல் முற்றினால் ராகு காலம் கைகொடுக்கும். ராகு காலம் சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் கணக்கில் போட்டது. கெடாவில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுந்திருக்கிறது. ஆகவே நம் ஊர் ராகு காலம் எது என்பதில் பஞ்சாயத்து ஓயாது. அண்ணன் இரண்டு கணக்கையும் கும்பிடுகிறவர். ஒன்று முடியும்வரை வீட்டில் இருப்பார். மற்றது முடியும்வரை வழியில் எங்கேயாவது தே குடிப்பார்.

இவரைப் பெற்ற அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டு, தன் பங்கு மரங்கள் இருக்கும் நெரைக்கு ஓட வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். பிந்திப் போனால் வாளி நிறையாது, வாளி நிறையாவிட்டால் சம்பளம் குறையும். கங்காணியின் ஏச்சும் கிராணியின் பேனாவும் இருந்த அந்த வாழ்க்கையை யாரும் சொர்க்கம் என்று சொல்ல வேண்டாம். அந்த அம்மாவே அடிக்க வருவார். ஆனால் ஸ்டோரில் பாலை நிறுத்து ஊற்றிவிட்டால் அன்றைய வேலைக்காடு முடிந்தது. மழை பிடித்து மரம் நனைந்திருந்தால் சீவ முடியாது. அன்றைக்கு வேலையே இல்லை, கூலியும் இல்லை. அண்ணனுக்கு மழையிலும் வாட்சாப் வரும்.

வாசலில் உட்கார்ந்து மகன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா ஒருநாள் கேட்டார்: "அப்படி எத்தன மரம்டா ஒன் நெரையில?" அண்ணன் காடிச் சாவியைத் தேடியபடி, "தோ, வந்து சொல்றேம்மா" என்றார். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்தவரை அண்ணனுக்கு நேரப் பஞ்சம் கிடையாது. "முடியாது" என்று சொல்ல நாக்கு வராததுதான் அவருடைய முழு நோய். அதற்கு மாத்திரை இல்லை. தவிர, அந்த நோயால் பிழைப்பவர்கள் நாம்தான். சொன்னதைத் தட்டாத மனிதர் கிடைத்தால் எந்தக் கமிட்டிதான் விடும்? ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமைக் கூட்டத்தில் திருவிழா அன்னதானத்துக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று தலைவர் நாலாபக்கமும் பார்ப்பார். அப்போது தயவுசெய்து அண்ணன் பெயரை முன்மொழியாதீர்கள். வழிமொழிய நாலு பேர் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக இருப்பார்கள். அண்ணன் கூட்டத்துக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்.