பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் கணக்கு!

கேள்வி: அமெரிக்காவில் அரசு உதவித்தொகை வாங்கும் தாய்மார்கள் வேலைக்குப் போயே ஆகணுமாமே? குழந்தையை யார் பார்ப்பது?
(வாசகி, தேனி)

பதில்: 1996-ல் அதிபர் கிளின்டன் அப்படி விதிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டபோதே இந்தச் சண்டை வந்தது. அவர் நியமித்த அதிகாரி பீட்டர் எடல்மனே எதிர்த்து ராஜினாமா செய்தார்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் வாரத்துக்கு 30 மணி நேரம் வேலைக் கணக்குக் காட்ட வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் 20. தன் பிள்ளைக்குச் சோறூட்டுவது அதில் சேராது. ஆனால், சமூக சேவைத் திட்டத்துக்குப் போகும் இன்னொரு தாயின் பிள்ளைக்கு ஊட்டினால் சட்டப்படி அது வேலை! (பெற்றதுதான் தப்பு போலிருக்கிறது.)

இப்படி வேலைக்கு அனுப்பிய திட்டங்களின் பலன்? மினசோட்டா மாநிலம் மாதிரி, சம்பளத்தோடு உதவியையும் கொஞ்சம் தொடர்ந்த இடங்களில் சின்னப் பிள்ளைகள் பள்ளியில் நன்றாகவே படித்தார்கள். வெறுமனே வேலைக்கு விரட்டிய இடங்களில் அந்த லாபம் இல்லை. சறுக்கியது பதின்வயதுப் பிள்ளைகளின் படிப்பு, அதுவும் தம்பி தங்கை உள்ள வீடுகளில். அம்மா வேலைக்குப் போனார். அம்மாவின் வேலை அக்காவுக்குப் போனது. அந்த மணிக்கணக்கை எந்த அலுவலகமும் எழுதிக்கொள்ளவில்லை.