எத்தன லிட்டர் பால் வாங்கலாம்?

ஏலே தம்பி, செத்த நில்லு. கழுத்துல அடையாள அட்டை, காதுல பாட்டு, கையில போனு. வாய் மட்டும் சும்மா கெடக்கக் கூடாதுன்னு அதுல ஒரு கருத்து. நல்லாத்தான் இருக்கு ஒன் சோடிப்பு.

மவன் சோலிக்கு வந்த எடத்துல நானும் வந்து கொல்கத்தாவுல இந்த சால்ட் லேக்குல ஒண்டிக் கெடக்கேன். சாயங்காலம் காலாற கம்ப்யூட்டர் கம்பெனிங்க இருக்க அஞ்சாம் செக்டார் பக்கம் போனாப் போதும், கேக்கதுக்கு ரெண்டு காது காணாது. துட்டு பொரளுத காலத்துல எவனும் பொருளாதாரம் பேச மாட்டான். வீடு வாங்குனது, காரு மாத்துனது, கோவா போனது, இதுதான் பேச்சு. துட்டு முட்டுத காலம் வந்துட்டா அம்புட்டுப் பேரும் மேதை. பக்கத்து சீட்டு காலியான அன்னைக்கே ஒருத்தன் டெல்லியத் திட்டுதான். ஒருத்தன் கொல்கத்தாவத் திட்டுதான். மூணாமத்தவன் அமெரிக்காவ. நாலாமத்தவன் ஏஐ-ய.

திட்டுங்கடே, யாரு வேண்டாமுன்னா? அடுத்த வருசம் இன்னதுதான் நடக்கும்னு அடிச்சுச் சொல்லுதியே, அங்கதான் எனக்குச் சிரிப்பாணி வருது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். "நீ சொன்னது பொய்ச்சா ஒனக்கு எம்புட்டு நட்டம்?" திருதிருன்னு முழிப்பான். ஒரு நட்டமும் இல்ல. நாளைக்கு இதே முக்குல நின்னு வேற ஒண்ணச் சொல்லுவான்.

நீ நிக்க எடத்தையே எடுத்துக்கயேன். இது ஒரு காலத்துல உப்புத் தண்ணிச் சதுப்பு. முதலமைச்சரா இருந்த டாக்டர் பி.சி. ராய் இங்கன ஊர் வைக்கணும்னு கெளம்புனாரு. ஹூக்ளி ஆத்து வண்டலத் தண்ணியோட கலக்கி, கொழாய் வழியாத் தள்ளிக் கொண்டாந்து, சதுப்பத் தூத்தாவ. நீ அன்னைக்கு இருந்திருந்தா என்ன சொல்லிருப்ப? "சேத்துல வீடா, வெளங்குனாப்புலதான்"னு சொல்லிட்டு டீயக் குடிச்சிருப்ப.

ஊருக்கு வரைபடம் போட்டவரு யூகோஸ்லாவியாக்காரரு, டோஷ்கோவிச்னு பேரு. இன்னைக்கு உலக வரைபடத்துல யூகோஸ்லாவியாவத் தேடிப் பாரு. 1990-கள்ல அந்த நாடே துண்டு துண்டாப் போச்சு. அவரு போட்ட ஊரு மட்டும் நிக்கி, ரெண்டு ரெண்டு எழுத்துல பிளாக்கும், நம்பர் போட்ட தண்ணித் தொட்டியுமா. வீட்டு மனைக்கெல்லாம் குத்தகை எத்தன வருசங்க? 999. நாடு நூறு வருசம் தாங்க மாட்டேங்கு, பத்திரம் மட்டும் ஆயிரத்துக்கு ஒண்ணு கம்மி! ஒன் மேனேஜரு திரை போட்டு அஞ்சு வருசத் திட்டம்னு அம்புக்குறிய மேல பாக்கக் காட்டுவாருல்லா, அப்ப இத ஒரு தடவ நெனச்சுக்க.

கம்ப்யூட்டர் கத தெரியுமாலே ஒனக்கு? இந்தியாவுக்கு மொதமொத கம்ப்யூட்டர் வந்து எறங்குனதே இந்தக் கொல்கத்தாவுலதான். 1950-கள்ல, மகலனோபிஸ் நடத்துன புள்ளியியல் கழகத்துக்கு. பத்து வருசம் கழிச்சு எல்ஐசி-க்காரங்க கம்ப்யூட்டர் வைக்கப் போனப்ப, இதே ஊர்ல ஊழியருங்க வாசல்ல காவல் நின்னு மறிச்சாவ. மெசினு வந்தா சோலி போயிரும்னு கோசம். அந்தக் கோசத்துக்குத் தோள் குடுத்த செங்கொடிக்காரங்க 1977-ல ஆட்சிக்கு வந்து, 34 வருசம் ஆண்டாவ. அவிய ஆட்சியிலதான் அஞ்சாம் செக்டார் முழுக்கக் கண்ணாடிக் கட்டடமா எழும்பிச்சு. டிசிஎஸ், விப்ரோ, காக்னிசன்ட்டுன்னு வரிசையா வந்து குந்துனான். ஜோதி பாசு கடைசி வரைக்கும் குடியிருந்ததும் இதே சால்ட் லேக்குலதான். அந்த வீட்டுக்குப் பேரு என்னங்க? இந்திரா பவன்! காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தப்ப இந்திரா காந்தி தங்குன வீடு. அரசியல்ல யாரு எங்க தங்குவான்னு அடிச்சுச் சொல்லுவியோ நீ?

ஆனா ஒண்ணு கேட்டுக்க. அன்னைக்கு வாசல்ல மறிச்சு நின்ன கிளார்க்க நான் எளக்காரம் பண்ண மாட்டேன். பேரேடு எழுதித்தான் அவன் வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. பொய்ச்சாலும் நெசமானாலும் அவன் சோறு அதுல இருந்துச்சு. அப்படிப்பட்டவன் பேசுனா காது குடுக்கணும். மேடையில நின்னு அவனுக்குக் கைதட்டுனவன் பேச்சத்தான் சலிச்சு எடுக்கணும்.

2008-ல கதை இன்னும் ருசி. ஆகஸ்டுல முதலமைச்சர் புத்ததேவே, "பந்த் நடத்துத கட்சியில போயி இருக்கேனே"ங்கிற மாதிரி வாய்விட்டுப் பொலம்பிட்டாரு. செப்டம்பர் 15-ல அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் கவுந்துது. அக்டோபர் 3-ல டாட்டா, இந்த மாநிலத்துச் சிங்கூர்ல நானோ காரு கட்ட மாட்டேன்னு கெளம்பிட்டாரு. குஜராத் சனந்துல போயி எறங்குனாரு. ஒரு மழைக்காலத்துக்குள்ள அரசியல், தொழிலு, உலகப் பொருளாதாரம் மூணும் தலகீழு. மூணையும் முன்கூட்டிச் சொன்ன மேதை இந்த முக்குல எத்தன பேரு? நடந்து முடிஞ்ச பெறவு சொன்னவன் கணக்குல வரமாட்டான், ஆமா.

2013-ல சாரதா சீட்டுக் கம்பெனி மூழ்குச்சுல்லா, அவன் ஆபீசும் சால்ட் லேக்குலதான். பத்திரிக, டிவி எல்லாம் சொந்தமா வச்சிருந்தான். ஏழை பாழைங்க சேத்து வச்ச துட்டு ஏப்ரல்ல ஆவியாப் போச்சு. நம்ம பக்கத்துலயும் தொண்ணூறுகள்ல பைனான்ஸ் கம்பெனிக்காரன் இதே வித்தையத்தான காட்டுனான்? வட்டிய நெனச்சு மொதல மறந்தவன் அங்கயும் உண்டு, இங்கயும் உண்டு. அப்ப முதலமைச்சரா இருந்த மம்தா அம்மா என்ன செஞ்சாவ தெரியுமா? ஏமாந்தவங்களுக்கு 500 கோடியில நிதி. அதுக்குப் புகையிலைக்கு 10 சதவீதம் கூடுதல் வரி. துட்டு சீக்கிரம் சேரணும்னா கொஞ்சம் கூடப் புகை பிடிங்கன்னு வேற சொல்லிட்டாவ. சீட்டுல போன துட்டுக்கு பீடி குடிச்சு நெஞ்சக் குடுக்கணுமாம்! இதுக்கு மேல நையாண்டி பண்ண எனக்கு என்னலே மிச்சம் இருக்கு?

இப்ப 2020-க்கு வா. பிப்ரவரி 13-ல அஞ்சாம் செக்டாருக்கு மெட்ரோ ரயில் வந்துது. ஆகா ஓகோன்னு ஏறுனாவ. மார்ச்சுல கொரோனா வந்து ரயிலுக்கும் பூட்டு, ஊருக்கும் பூட்டு. கண்ணாடிக் கட்டடத்துல ஈ காக்கா இல்ல. ஏப்ரல்லருந்து ஜூன் வரைக்கும் நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் விழுந்துட்டுன்னு அரசாங்கம் எப்பச் சொல்லிச்சு? ஆகஸ்டு 31-ல. ரெண்டு காலாண்டு தொடர்ந்து சரிஞ்சாத்தான் மந்தம்னு பேரு வைக்கணுமாம், அது படிச்சவங்க சட்டம். அதனால பேரு வைக்க நவம்பர் ஆயிப்போச்சு. புள்ள நடக்கத் தொடங்குன பெறவு ஜாதகம் எழுதுன கத.

அஞ்சாம் செக்டார் ஓரத்துல மண் கோப்பையில டீ ஊத்துத ஆளுட்ட கேட்டிருந்தா? அன்னைக்கு ராத்திரியே சொல்லிருப்பாரு. பால் மிஞ்சிருக்கும்லா! அவருக்கு ரெண்டு காலாண்டு வேண்டாம், ரெண்டு நாள் போதும். நாளைக்கு எத்தன லிட்டர் பால் வாங்கலாம்? தெனமும் இதுதான் அவரு சொல்லுத பொருளாதாரக் கருத்து. கூட வாங்குனாத் திரிஞ்சு போவும். கொறைய வாங்குனா வாடிக்க அடுத்த கடைக்குப் போவும். ரெண்டுலயும் அவரு கைக்காசுதான் போவும். அதனால வாயால பேச மாட்டாரு, பால் வாங்கிப் பேசுவாரு. டிவியில கோட்டுப் போட்டவன் சொல்லுதத விட இத நம்பலாம்.

தொழில்நுட்பம், தொழில்நுட்பம்னு குதிக்கியே, கெழக்க நடந்து போயி, தூக்காம மிச்சம் விட்ட சதுப்ப ஒரு எட்டுப் பாத்துட்டு வா. கொல்கத்தா சாக்கடைத் தண்ணிய ஏரியில கட்டி வைக்கான். வெயிலும் பாசியும் அதத் தெளிய வைக்கி. அதுலயே மீன் வளந்து சந்தைக்கு வருது. சாக்கடையும் சுத்தம், கொழம்புக்கும் மீனு. 12,500 ஹெக்டேரு, 2002-ல உலக ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயே சேத்துட்டாவ. செயலி கெடையாது, சந்தா கெடையாது. தண்ணி கெட்டா மறுநாளே மீன் செத்து மெதக்கும். அதனால மீன் வளக்கவன் தண்ணிய மோந்து பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பான்.

ஏஐ வந்தா என் சோலி போயிருமா தாத்தான்னு கேக்க. நான் என்ன குறி சொல்லுதவனா? யாரு என்ன சொல்லுதான்னு மட்டும் பாரு. அத விக்குதவன், எல்லாம் மாறப் போவுதுங்கான்; அவன் சரக்கு போவணும். மேனேஜரு, பயப்படாதங்கான், அவனுக்கு இந்த மாசத்து வேல முடியணும். யூடியூப்காரன், எல்லாம் முடிஞ்சுதுங்கான். நீ கடைசி வரைக்கும் பாக்கணும். பொய்ச்சா மூணு பேருக்கும் சல்லிக்காசு நட்டம் கெடையாது. மாசத் தவணை கட்டுதது நீதான்.

ஒன்னையும் ஒரு கேள்வி கேக்கட்டா? பெரிய மந்தம் வருது, ஊரே கவுரப் போவுதுன்னு நேத்து அரை மணி நேரம் பேசுன. போன வாரம் புது போனு தவணையில எடுத்தது யாரு? அப்ப ஒன் நெசமான கருத்து எதுலே? வாய் சொல்லுததா, ரசீது சொல்லுததா? நெசமாவே பயம்னா ஆறு மாசச் சோத்துக்குத் துட்ட ஒதுக்கு. கடன அடை. இன்னொரு தொழிலக் கத்துக்க. பயம் இல்லன்னா வாய மூடிக்கிட்டுச் சோலியப் பாரு. ரெண்டும் இல்லாம வாய் ஒரு பக்கம், பை ஒரு பக்கம் போனா அதுக்குப் பேரு கருத்து இல்லலே, பொழுதுபோக்கு.

அரசியல் பேசாதங்கல. ஓட்டுப் போடு. ஆளுதவன் சட்டையப் புடிச்சுக் கேள்வி கேளு. அது ஒன் உரிமை. ஆனா அடுத்த வருசம் இன்னதுதான் நடக்கும்னு அடிச்சுச் சொல்லணும்னு நாக்கு நமநமங்குதா? நேரே அந்த டீக்கடைக்குப் போ. "நாளைக்கு எம்புட்டுப் பால் வாங்கணும்னு நான் சொல்லுதேன் காக்கா, மிஞ்சுனா துட்டு என்னது"ன்னு சொல்லு. அப்பச் சொல்லுத கருத்த நானே வந்து நின்னு கேக்கேன். போகும்போது பர்ஸ எடுத்துட்டுப் போ மக்கா, போன வார டீப் பாக்கியவே நீ இன்னும் குடுக்கலயாம்.