ஒரு ரூபாய் உதைத்தால்…

கே: வயது 43. பிளஸ் டூதான். 20 வருஷமாகப் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சைபர் செக்யூரிட்டிக்கு மாறலாமா? (விருதுநகர் வாசகர்)

ப: 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் கணக்கு 75 சென்ட் உதைத்தது. வேறு யாராக இருந்தாலும் ‘போய்த் தொலையுது’ என்று விட்டிருப்பார்கள். அங்கே வேலை பார்த்த கிளிஃப் ஸ்டோல் விடவில்லை. நோண்டிக்கொண்டே போனவர், மேற்கு ஜெர்மனியில் உட்கார்ந்தபடி உள்ளே புகுந்து, கிடைத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கும்பலிடம் போய் நின்றார். அவர் படித்தது வானியல்! நாள் முடிவில் ஒரு ரூபாய் உதைத்தால் உங்களுக்குத் தூக்கம் வருமா? வராதென்றால் மாறலாம். நெட்வொர்க்கும் லினக்ஸும் படித்தால் வரும். அந்தத் தூக்கமின்மை படித்து வராது.

கே: டிகிரி கேட்பார்களே?

ப: பெரிய கம்பெனி எச்.ஆர். கேட்பார், அந்த வாசலில் முட்டாதீர்கள். செக்யூரிட்டி பிளஸ் தேர்வு டிகிரி கேட்பதில்லை. ஐஎஸ்சி2 நடத்தும் ‘சிசி’ தேர்வு முன் அனுபவம்கூடக் கேட்பதில்லை. அதே ஐஎஸ்சி2-இன் மேல்நிலைச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பி? 5 வருஷ அனுபவம் சேர்ந்த பிறகு.

கே: ‘மூன்றே மாதத்தில் ஹேக்கர், வேலை நிச்சயம், இன்றே பணம் கட்டுங்கள்’ என்று நோட்டீஸ் வந்தது…

ப: ஆசை, அவசரம், முன்பணம் மூன்றும் சேர்ந்து வந்தால் இந்தத் துறையில் அதற்குப் பெயர் பிஷிங். முதல் பாடம் இலவசமாக முடிந்தது.

கே: பழகிப் பார்க்கப் பக்கத்து வீட்டு வைஃபையில் கை வைக்கலாமா?

ப: ஐ.டி. சட்டம் 66-ஆவது பிரிவில் 3 வருஷம் வரை சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. பிடிக்காவிட்டால் போர்ட்ஸ்விக்கர் அகாடமிக்குப் போங்கள். உடைப்பதற்கென்றே கட்டிவைத்த தளங்கள், இலவசம்.

கே: வேலை சினிமாவில் வருவதுபோல் இருக்குமா?

ப: ராத்திரி மூன்று மணி. ஆறிப்போன டீ. யாரோ ஒருவரின் ஐடியில் 40 முறை தப்பான பாஸ்வேர்ட், 41-ஆவது தடவை உள்ளே. திருடனா, மறதிக்காரரா? நாற்பதும் பத்தே விநாடியில் விழுந்திருந்தால் மனுஷ விரல் இல்லை. இடைவெளி விட்டு விழுந்திருந்தால், பழைய பாஸ்வேர்டோடு பையில் கிடக்கும் அவருடைய செல்போனே முட்டிக்கொண்டிருக்கலாம். விடியும்வரை இதேதான். பேரேடு புரட்டியவருக்குப் புதுசா என்ன?

கே: ‘இந்த வயசில் தேவையா?’ என்கிறார் மனைவி.

ப: ஆரம்பச் சம்பளம் மண்டிச் சம்பளத்தைவிடக் குறையலாம், அவர் கவலை நியாயம். வேலை கைக்கு வரும்வரை மண்டியை விடாதீர்கள். அங்கே மானிட்டரில் பாஸ்வேர்ட் எழுதி ஒட்டியிருப்பீர்களே, அதை மட்டும் நாளைக் காலையில் கிழித்துவிடுங்கள்.