30 மைதானம், நாலு சேக்காளி

ஏலே பேராண்டி, நீயும் உன் சேக்காளிமாரு மூணு பேரும் அமெரிக்காவுல இருக்கிற 30 பெரிய லீக் பேஸ்பால் மைதானத்தையும் சுத்திப் பாக்கப் போறீயளாமே? நல்ல சோலிதான். முதல்ல கணக்கைத் திருத்திக்கோ. அமெரிக்காவுல 29தான். மிச்சம் ஒண்ணு கனடாவுல, டொரண்டோவுல கெடக்கு. பாஸ்போர்ட்டை வீட்டு அலமாரியில வச்சுட்டு எல்லையில வந்து நின்னு முழிக்கிறவன் உங்க நாலு பேருல ஒருத்தன் இருப்பான். அவன் யாருன்னு இப்பமே கண்டுபிடிச்சு வையி. நீயா இருந்தா வெளிய சொல்லாத.

நான் அந்த மட்டையைக் கையால தொட்டவன் இல்ல. உங்கப்பன் வீட்டு சோபாவுல உக்காந்து டீவியில பாத்துப் படிச்ச வித்தைதான். ஆனா நாலு பேரு ஒரு வண்டியில ஏறினா எந்த மைலுல மொகத்தைத் திருப்புவாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால சொல்லுதேன்.

ஒரு டீமுக்கு சீசனுக்கு 162 ஆட்டம். அதுல சரிபாதி, 81தான் உள்ளூர்ல. மிச்ச நாளு அவன் வெளியூர்ல ஆடிக்கிட்டு இருப்பான். விடிய விடிய வண்டி ஓட்டிப் போயி, பூட்டுன கேட்டு முன்னால நின்னு போட்டோ எடுத்துட்டு வாரதுக்கு உங்களுக்கு நேர்த்திக்கடனா என்ன? "அட்டவணையை நான் பாத்துட்டேன்"னு ஒருத்தன் அடிச்சுச் சொல்லுவான். அவன் பாத்தது போன வருச அட்டவணையா இருக்கும்.

வழியையும் யோசிச்சுப் போடுங்க. சிகாகோவுலேர்ந்து மில்வாக்கி 90 மைலு, ஒரே சனி ஞாயிறுல ரெண்டையும் முடிச்சிரலாம். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன் எல்லாம் ஒரே ரயில் பாதையில வரிசையா கெடக்கு. சியாட்டிலை மட்டும் முதல்ல வச்சுக்காதீய. அது ஒத்தையில மூலையில கெடக்கு. அங்கயிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ரோட்டுல 800 மைலு வரும். அம்புட்டுத் தூரத்துக்குப் பேச நாலு பேருகிட்டயும் விசயம் கிடையாது. பழைய கடன்தான் பேச்சுல வரும்.

சரி, எல்லா ஊர்லயும் ஒரே ஆட்டம்தான, எதுக்கு 30 இடம்னு உங்க ஆச்சி கேக்கா. நியாயமான கேள்வி. ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி. எறியிறவன் கால் வைக்கிற பலகைக்கும் அடிக்கிறவன் நிக்கிற ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். 30 ஊர்லயும் இதுல விரக்கடை அளவு மாறாது. அதைத் தாண்டிட்டா, சுவரை எங்க கட்டணும், எம்புட்டு உசரம் கட்டணும்ங்கிறது அந்தந்த ஊர்க்காரன் பாடு.

பாஸ்டன் பென்வே பார்க் 1912ல கட்டினது, இருக்கிறதுலயே பழசு. இடப்பக்கம் 310 அடியிலயே சுவரு வந்துரும். கிட்டத்துல இருக்கேன்னு நெனச்சா, 37 அடி உசரம். கிரீன் மான்ஸ்டர்னு பேரே வச்சுட்டான். வேற ஊர்ல சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகிற அடி அங்க சுவத்துல முட்டித் திரும்பும். வேற ஊர்ல சும்மா கையில விழுற பந்து அங்க சுவத்துல உரசி ஆளைக் காப்பாத்தும். சிகாகோ ரிக்லி பீல்டுல செங்கச் சுவரு பூரா ஐவிக் கொடி. பந்து கொடிக்குள்ள மாட்டிக்கிட்டா, பந்தைப் பிடிக்க நிக்கிறவன் ரெண்டு கையையும் தூக்கிரணும், அடிச்சவனுக்கு ரெண்டு பேஸு. பிடிக்க நிக்கிறவன் கையை விட்டுத் தேட ஆரம்பிச்சா ஆட்டம் நிக்காது, எல்லாவனும் ஓடிக்கிட்டே இருப்பான். தேடினவன் கெட்டான், கையைத் தூக்கினவன் பொழைச்சான். டென்வர்ல மைதானமே ஒரு மைல் உசரத்துல, காத்து லேசு, பந்து கேக்காம பறக்கும். அதுக்காக 2002லேர்ந்து பந்தை ஈரப்பதம் காக்கிற அறையில வச்சு எடுக்கான். சான் பிரான்சிஸ்கோவுல சுவருக்கு அந்தப்பக்கம் கடல்தண்ணி, பந்து விழாதான்னு படகுல ஆளு காத்துக் கெடப்பான். பீனிக்ஸ்ல மைதானத்துக்குள்ளயே நீச்சல் குளம். டிக்கெட் வாங்கிக் குளிக்கப் போறவனைப் பாத்தா எனக்கே பொறாமையாத்தான் இருக்கு.

உங்க பயணத்துக்கும் இதுதான் ஏற்பாடு. காசு, வண்டி ஓட்டுற முறை, கொறட்டை விடுறவன் எந்த அறையில படுக்கது, இந்த மூணும் 90 அடி. கிளம்புறதுக்கு முன்னாலயே அளந்து கயிறு பிடிச்சிரணும், பெறகு ஒருத்தனும் வாய் தொறக்கக் கூடாது. மத்ததை அவனவன் இஷ்டத்துக்கு விட்டுருங்க. ஒருத்தன் தொப்பி வாங்கியே சம்பளத்தை அழிப்பான், அழிக்கட்டும். ஒருத்தன் மில்வாக்கியில சாசேஜ் வேசம் கட்டி ஓடுறவங்களைப் பாக்கத்தான் வந்தேம்பான், பாக்கட்டும். சியாட்டில்ல வறுத்த வெட்டுக்கிளி விக்கான். அதைத் தின்னு காட்டுறேன்னு ஒருத்தன் பந்தயம் கட்டுவான். ஈசலை வறுத்துத் தின்னு வளந்த பரம்பரைடா நாம, நீ மட்டும் எதிர்ப் பந்தயம் கட்டிராத.

ரிக்லியில எதிரணி அடிச்ச ஹோம் ரன் பந்து உன் கையில கெடைச்சா, திருப்பி எறியச் சொல்லிக் கூட்டம் கத்தும். வெவரமானவன் பையில வேற பந்து வச்சிருப்பான், அதை எறிஞ்சுட்டு நெசப் பந்தை வீட்டுக்குக் கொண்டுவருவான். நான் அப்படிச் செய்யின்னு சொல்லல. அப்படிச் செய்வாங்கன்னு சொல்லுதேன்.

கடைசியா ஒண்ணு. 30ஐயும் அவசரமா முடிச்சிராதீய. முடிஞ்சுட்டா பெறகு நாலு பேரும் பேசுறதுக்கு வீட்டுக் கடனும் சக்கரை மாத்திரையும்தான் மிஞ்சும். நீங்க மிச்சம் வைக்காட்டாலும் முதலாளிமாரு வச்சிருவாங்க. ஓக்லண்ட்ல 1968லேர்ந்து ஆடின டீம் 2024 முடிஞ்சதும் மூட்டை கட்டி சாக்ரமெண்டோ போயிட்டு, அடுத்து லாஸ் வேகஸாம். அதே வருசம் மில்டன் புயல்ல டாம்பா பே டீமோட மைதானக் கூரை கிழிஞ்சு, 2025 சீசன் பூரா அவன் வேற டீமோட பயிற்சி மைதானத்துல ஒண்டியிருந்தான். அதனால உங்க பட்டியல்ல எப்பவும் ஒண்ணு பாக்கி இருக்கும். வீட்டுல கேட்டா அதைக் காட்டி மறுபடியும் கிளம்பலாம்.

அந்த பாக்கி மைதானத்துக்கு நானும் வாரேன். முன் சீட்டு எனக்கு. காசு பங்கு பிரிக்கிற பேச்சை நான் வண்டியில ஏறுறதுக்கு முன்னாலயே முடிச்சிருங்க.