சாமியே தனியாப் போகலை!

கேள்வி: ராத்திரியில் தனியாகக் காட்டுக்கு வேட்டைக்குப் போக ஆசை, அண்ணாச்சி. பத்திரமாகத் திரும்பி வர என்னென்ன கொண்டு போக வேண்டும்?
- ஏரல் வாசகர்

பதில்: முக்கியமாக ஒரு வக்கீல். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது உங்கள் துப்பாக்கிக்குத் தெரியாமல் இருக்கலாம், ரேஞ்சருக்குத் தெரியும். முதல் பட்டியலில் உள்ள விலங்கு என்றால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 7 வரை போகும். பாளையங்கோட்டையில் உள்ளே இருக்கும்போது ஒரு வசதி, தனியாக இருக்க விடமாட்டார்கள்.

கேள்வி: வேட்டை நம் ரத்தத்தில் ஊறியது. பக்கத்துச் சிவகளையில் 5,300 வருஷத்துக்கு முந்தைய இரும்பு, ஆதிச்சநல்லூரில் வேலும் வாளும் அம்பும் கிடைக்கவில்லையா?
- பெருங்குளம் வாசகர்

பதில்: கிடைத்தன. எங்கே கிடைத்தன என்று பார்த்தீர்களா? ஈமக்காட்டில், முதுமக்கள் தாழிகளோடு!

கேள்வி: வீரன் என்றால் தனியாகத்தானே போவான்?
- குரும்பூர் வாசகர்

பதில்: விஜயதசமிக்குப் பரிவேட்டை பார்த்ததில்லையா? சாமியே குதிரை வாகனம், தீவட்டி, மேளம், குடை, பின்னால் பாதி ஊர் என்றுதான் வேட்டைக்குக் கிளம்புகிறார். அந்தச் சத்தத்தில் ஒரு முயல்கூட மாட்டாது. ஆனால் சாமி பத்திரமாகக் கோயிலுக்குத் திரும்பிவிடுகிறார்.

கேள்வி: ஜிம் கார்பெட் தனியாகத்தானே புலி வேட்டைக்குப் போனார்?
- சாயர்புரம் வாசகி

பதில்: போனார். ஆள்கொல்லியைத் தேடி இறங்கும் முன் சர்க்காரிடம் இரண்டு நிபந்தனை வைத்தார்: பரிசுத்தொகை அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். பணத்துக்குச் சுடுகிறவன் என்ற பேர் பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், புதருக்குள் அசைகிறவர் கார்பெட்டா புலியா என்று பார்க்காமல் எவனாவது சுட்டுவிடுவான் என்ற பயம்! புலியைவிட அவர் பயந்தது துப்பாக்கி வைத்திருந்த மனுஷனுக்கு. நம் பக்கத்திலும் ராத்திரி தோட்டத்தோரம் நடக்கிறவனுக்குப் பன்றிக்காக எவனோ இழுத்த கரண்ட் கம்பியும், எவனோ வைத்த அவுட்டுக்காய் வெடியும்தான் எமன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேட்டைக்குச் சத்தமே கூடாது. உயிரோடு திரும்ப வேண்டுமானால் சத்தம் வேண்டும். களக்காடு முண்டந்துறைப் பக்கம் கரடி உண்டு. அதற்குக் கண் மந்தம், மூக்குதான் கூர்மை. திடுதிப்பென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால் ஓடாது, பாயும். பேசிக்கொண்டோ கம்பால் தட்டிக்கொண்டோ நடந்தால் அதுவே ஒதுங்கிப் போக வழி உண்டு. பூனைநடை போடும் வேட்டைக்காரன் நேரே அதன் மடியில் போய் விழுவான்.

கேள்வி: வல்லநாடு பக்கம்தானே, ஒரே ஒரு மான்?
- பெயர் வேண்டாம், ஸ்ரீவைகுண்டம் பக்கம்

பதில்: பெயர் வேண்டாம் என்றது புத்திசாலித்தனம். அங்கே இருப்பது வெளிமான், முதல் பட்டியல். 1987 முதல் சரணாலயம், பரப்பு 16 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். நாட்டிலேயே தென்கோடியில் வாழும் வெளிமான் கூட்டம் அது. சல்மான் கானை 1998-ல் துரத்த ஆரம்பித்த வெளிமான் 2018-ல் அவருக்கு 5 வருஷத் தண்டனை வாங்கித் தந்தது. அவர் வைத்த வக்கீல் உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

கேள்வி: என் தோட்டத்து வாழையைப் பன்றி சாய்க்கிறது. பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. சுடலாமா?
- விவசாயி, கடையம்

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஆனால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான், பன்றியைச் சுட இல்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததே என்பீர்கள். சுடப்போவது வனத்துறை. நஷ்டஈட்டுக்கு மனு எழுதுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. அதிலேயே ஒரு கொக்கியும் வைத்திருக்கிறார்கள்: அந்த நேரத்தில் நீங்கள் அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் சலுகை கிடையாது. வேட்டைக்குப் போன இடத்தில் கரடி பாய்ந்தது, அதனால் சுட்டேன் என்ற கதை கோர்ட்டில் எடுபடாது. தப்பித்தவறிக் குற்றமில்லை என்றே ஆனாலும், செத்த விலங்கு சர்க்கார் சொத்து. குழம்பு கனவு காணாதீர்கள்.

கேள்வி: சரி, வேட்டை வேண்டாம். தோட்டக் காவலுக்கு ராத்திரி தனியாகத்தானே கிடக்க வேண்டியிருக்கிறது?
- அதே விவசாயி

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தரையில் படுக்காதீர்கள், கட்டிலும் கொசுவலையும் போடுங்கள். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போய்விடும், விடியும்போது கண் இமை தொங்கும். டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள், கணுக்கால் மூடிய பூட்ஸ் போடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-க்குப் போன். விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, மந்திரிக்கிறவர் வீட்டில் இல்லை. பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம். டாக்டர் அதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை.

கேள்வி: போனில் டவர் இல்லாவிட்டால்?
- உமரிக்காடு வாசகர்

பதில்: 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஏரல் பக்கத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? பாலம் போச்சு, கரண்ட் போச்சு, டவரும் போச்சு. டவர் இருக்கும்போதே வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்: எந்த வழி, எந்தத் தோட்டம், எத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் தேட ஆள் அனுப்ப வேண்டும் என்று. ‘இங்கேதான் போறேன், வந்திருவேன்’ கணக்கில் சேராது. உங்கள் கம்பெனி டவர் இல்லாத இடத்தில் வேறு கம்பெனி டவர் இருந்தால் 112 போகும், அடித்துப் பாருங்கள்.

கேள்வி: அப்போ காட்டைப் பார்க்க ஆசைப்படவே கூடாதா?
- முதலில் கேட்ட அதே ஏரல் வாசகர்

பதில்: தாராளமாக ஆசைப்படுங்கள். 2024 அக்டோபரில் வனத்துறை மலையேற்றத்துக்கு 40 பாதைகளைத் திறந்தது. பணம் கட்டினால் வழிகாட்டியோடு போய் வரலாம். காசு செலவழிக்க மனசில்லையா? ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போங்கள். காடும் உண்டு, ஆறும் உண்டு, தனியாக இருக்க நினைத்தாலும் முடியாத கூட்டமும் உண்டு. ஏரல்காரருக்கு ஒரே ஒரு சங்கடம்: அன்றைக்குத்தான் நம்ம ஊர் சேர்மன் சாமி கோயிலிலும் திருவிழா. வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்லிக் கிளம்புவீர்கள் என்பதை அடுத்த வாரம் கேள்வியாக எழுதுங்கள்.